பதிவேட்டில் ஏறாத நாட்கள்



சிவகாசியின் கதையை அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததிலிருந்து சொல்வோம். அது 1920-களின் தொடக்கம். 1940-களில் பட்டாசும் வேரூன்றியது. மழை பொய்க்கும் நம் கரிசல் காட்டுக்கு இந்தத் தொழில் சோறு போட்டது உண்மை. அது எப்படிப்பட்ட வேலை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு.

குழாய் உருட்டுவது, திரி வைப்பது, பாக்கெட் போடுவது பெரும்பாலும் பெண்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி. மழை பெய்தால் காயப்போட முடியாது, கூலியும் கிடையாது. இருபது வருடம் கம்பெனி வண்டி ஏறியவரும் தற்காலிகம்தான்.

24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. பருவகாலத் தொழிலுக்கு விலக்கும் தந்தது. சட்டம் பொருந்தும் இடத்திலும், ஷெட்டைக் குத்தகைக்கு விட்டு, ஆள் பெயரே பதிவேட்டில் ஏறாவிட்டால் 480 நாளை எதை வைத்து எண்ணுவது?

எங்கள் ஆசிரியர் தொழிலிலும் இது நடந்தது. 2003-க்குப் பின் இடைநிலை ஆசிரியர்களை 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். 2006 ஜூன் முதல் காலமுறை ஊதியம் கிடைத்தது. காரணம், கையில் நியமன ஆணை இருந்தது. பின்னால் சங்கம் இருந்தது.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசி வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும், குழந்தைக்குப் பதில் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை தர அரசு முயல வேண்டும் என்றது. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். அம்மாக்களின் வேலை அப்படியே இருந்தது. 2018 அக்டோபரில் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை வந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடியபோது, முதலில் அடுப்பு அணைந்தது அவர்கள் வீட்டில்தான்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. தினக்கூலிப் பெண்ணுக்கும் பேறுகாலச் சலுகை உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அதற்கும் வேலை பார்த்த நாளுக்குக் கணக்கு வேண்டும்.

உங்களில் ஆலை நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். போர்மேன், கணக்குப்பிள்ளை இருக்கிறீர்கள். வேலைக்கு வரும் ஒவ்வொருவர் பெயரையும் பதிவேட்டில் ஏற்றுங்கள், இ.எஸ்.ஐ., பி.எஃப். கட்டுங்கள். வேலைக்குப் போகும் பிள்ளைகளே, கூலிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அந்தத் துண்டுக் காகிதம்தான் நாளைக்கு உங்களுக்குச் சாட்சி.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்