ஸ்கேன் சொல்லும் தேதியும் காது தொட்ட வயதும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு காபியைக் கையில் எடுத்துக்கொண்டு படியுங்கள்.

பத்து நாளைக்கு முன் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் அண்ணன் பேத்தி ஒரு கேள்வி போட்டிருந்தாள். "எட்டாவது வாரம் எடுத்த ஸ்கேன்ல ஒரு டெலிவரி டேட் போட்டிருக்காங்க. இப்ப எட்டாம் மாசம் எடுத்ததுல பதினாறு நாள் தள்ளிப் போட்டிருக்கு. எதை நம்புறது?" கீழே பதில்கள் குவிந்தன. கடைசி ஸ்கேன்தான் சரி, மெஷின் புதுசு என்றார் ஒருவர். ஜோசியரைக் கேட்டு நல்ல நாளாகக் குறித்துவிடலாம் என்றார் இன்னொருவர் (யார் என்று சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும்). நான் குழுவில் எதுவும் எழுதவில்லை. அவளுக்குப் போன் செய்து பேசினேன். மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இப்போது விரிவாக எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை, வரலாறு வாத்தியார். எதைப் பார்த்தாலும் இது எப்போது வந்தது, எப்படி வந்தது என்று தோண்டுவது பழக்கம். ஆனால் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அது பின்னால் வரும்.

மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வரும் பிள்ளைக்குப் பிறந்த தேதி தெரியாது. தலைமை ஆசிரியர், "வலது கையைத் தலைக்கு மேல சுத்திக் கொண்டுபோய் இடது காதைத் தொடு" என்பார். தொட்டால் ஐந்து வயது. எட்டவில்லை என்றால் அடுத்த வருஷம் வா. தொட்ட பிள்ளைக்குப் பதிவேட்டில் ஜூன் மாதத்தில் ஒரு தேதி. என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் ஜூனில் பிறந்த ரகசியம் இதுதான். உடம்பின் அளவை வைத்து வயதை ஊகிக்கும் வேலை அது. ஸ்கேன் செய்வதும் அதையேதான். அதற்கு நாள் தெரியாது, நீளம் மட்டும்தான் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபமாகப் புரியும்.

ஸ்கேன் வருவதற்கு முன்பும் பெண்கள் கணக்கு வைத்திருந்தார்கள். "முழுகாம இருக்கா" என்கிறோமே, அந்தச் சொல்லிலேயே கணக்கு இருக்கிறது. மாதவிலக்கு நின்று, தலை முழுகாமல் போனதிலிருந்து எண்ணுவது. அமாவாசை, ஆடிக் கூழ், திருப்போரூர் திருவிழா, புயல் என்று ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்த அன்று பௌர்ணமி. "சுனாமிக்கு நாலு நாள் முன்னாடி குளிச்சேன்" என்று நம் கரையோரத்துப் பெண் ஒருத்தி சொன்னதை வைத்துத் தேதி குறித்ததாக அந்தக் காலத்துக் கிராம செவிலியர் என்னிடம் சொன்னதுண்டு.

இதே கணக்கைச் சூத்திரமாக்கியவர் ஜெர்மனியில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் நேகலே. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்காரர். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஏழு நாள் கூட்டு, மூன்று மாதம் பின்னால் போ. ஜனவரி 17 என்றால் ஏழு நாள் கூட்டி 24, மூன்று மாதம் பின்னால் போனால் அக்டோபர் 24. ஏறக்குறைய 280 நாள், அதாவது 40 வாரம். நான்கு வாரத்தை ஒரு மாதம் என்று வைத்தால் நம் பாட்டிமார் சொன்ன பத்து மாதம் சரியாக வந்துவிடும். இதிலுள்ள ஓட்டை, எல்லோருக்கும் 28 நாளுக்கு ஒருமுறை வரும் என்று அது நம்புவது. 35 நாளுக்கு ஒருமுறை வருபவருக்கு ஒரு வாரம் பிசகும். நாள் மறந்தவருக்குக் கணக்கே இல்லை.

ஸ்கேன் பிறந்த கதை சுவையானது. கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு பேராசிரியர் இயன் டொனால்ட், இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்தவர். ரேடார், சோனார் பற்றியெல்லாம் அறிந்தவர். 1955இல் அறுவை செய்து எடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு ரென்ஃப்ரூ என்ற ஊரிலிருந்த ஒரு பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பு வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலை அனுப்பிப் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டையும் வைத்தார்களாம். கட்டிக்கு ஒரு விதமாக, நீர்க்கட்டிக்கு ஒரு விதமாக எதிரொலி வந்தது. பிறகு டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளரும் மருத்துவர் ஜான் மக்விகாரும் சேர்ந்துகொள்ள, 1958 ஜூனில் லான்செட் இதழில் மூவரும் கட்டுரை வெளியிட்டார்கள். கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கு அல்ட்ராசோனிக் சோதனை பழகிய விஷயம். மீன் கூட்டம் தேட எக்கோ சவுண்டர் வைத்திருக்கும் படகுக்காரப் பிள்ளைகளுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். இரும்பு, கடல், வயிறு, மூன்றிலும் வேலை செய்வது ஒரே எதிரொலிதான்.

தேதி கணிப்பதில் பெரிய திருப்பமும் கிளாஸ்கோவில்தான் நடந்தது. ஹியூ ராபின்சன் என்ற மருத்துவர் 1973இல், கருவின் தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை அளந்து வயது சொல்லலாம் என்று காட்டினார். உங்கள் ரிப்போர்ட்டில் சி.ஆர்.எல். என்று இருக்குமே, அதுதான். 1975இல் அவரும் ஃப்ளெமிங்கும் சேர்ந்து அதைச் சரிபார்த்தபோது, ஒரே ஒருமுறை அளந்தாலே 100க்கு 95 பேரிடம் பிசகு 4.7 நாளுக்குள் அடங்கியது. காரணம் எளிது. முதல் மூன்று மாதத்தில் ஏழை வயிற்றுக் கருவும் பணக்காரி வயிற்றுக் கருவும், அப்பா குள்ளமோ உயரமோ, கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வளர்கின்றன. 12ஆம் வாரத்தில் நீளம் சுமார் 5 சென்டிமீட்டர். அதற்குப் பிறகு ஒவ்வொரு குழந்தையும் தன் வழியில் போகிறது. காது தொடும் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் ஒரு பிள்ளையின் கை நீளம், இன்னொன்றுக்குக் குட்டை.

மூன்று மாதம் தாண்டியபின் தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றை அளந்து சராசரி எடுக்கிறார்கள். உலகெங்கும் மெஷின்களில் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும் சூத்திரம் ஃபிராங்க் ஹாட்லாக் குழுவினருடையது. 1984இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் 361 கருக்களை அளந்து போட்டது. ஒவ்வொரு ஸ்கேனிலும் மெஷின், "இந்த அளவு சராசரியாக எத்தனை வாரத்தில் இருக்கும்" என்று பார்த்துப் புதிதாக ஒரு தேதியைத் துப்பும். பழைய ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்று அது பார்ப்பதில்லை. எட்டாம் மாதத்துக்கு மேல் இந்தக் கணிப்பு மூன்று வாரம் வரை பிசகலாம்.

இனி என் காரணம். இதை எழுதலாமா என்று வீட்டில் கேட்டேன். "எழுதுங்க, யாருக்காவது ஆகட்டும்" என்றாள்.

1988. எங்களுடைய முதல் குழந்தை. மேலே உதாரணத்துக்குக் கொடுத்தேனே ஜனவரி 17, அது என் மனைவி சொன்ன தேதி. காணும் பொங்கல் அன்றைக்கு என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். அப்போதெல்லாம் நம் பக்கத்தில் ஸ்கேன் என்றால் பெரிய செலவு, பெரிய பெருமை. செப்டம்பரில், எட்டாம் மாதத்தில், முதன்முதலாக எடுத்தோம். குழந்தை மூன்று வாரம் சின்னதாக இருந்தது. அட்டையில் அக்டோபர் 24ஐ அடித்துவிட்டு நவம்பர் 14 என்று எழுதினார்கள். அவள், "எனக்கு நாள் நல்லா ஞாபகம் இருக்குங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். "மெஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்டது நான். படித்தவன், வாத்தியார். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு அசைவு நின்றது. பிறந்தபோது குழந்தை நிறைமாதம்தான். ஆனால் மெலிந்து, எடையில்லாமல் இருந்தது. மகன்.

தேதியை மாற்றாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அன்றைக்கு வசதியும் குறைவு. ஆனால் "குழந்தை ஏன் சின்னதா இருக்கு" என்று கேட்க வேண்டிய இடத்தில், "தேதி தப்பா இருக்கும்" என்று எல்லோரும் நிம்மதியாகப் பதில் சொல்லிவிட்டோம். வளர்ச்சிக் குறைவு அந்தப் பதிலுக்குள் ஒளிந்துகொண்டது.

இன்று மருத்துவர்களுக்கு இதில் தெளிவான வரம்புகள் உண்டு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்டபடி, 9 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் மாதவிலக்குக் கணக்கிலிருந்து 5 நாளுக்கு மேல் விலகினால் தேதியை மாற்றலாம். 14 வாரத்துக்குள் 7 நாள். 28 வாரம் தாண்டினால் 21 நாளுக்கு மேல் விலகினால்தான் யோசிக்கவே வேண்டும், அப்போதும் குழந்தை வளராமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான். முதல் மூன்று மாதத்தில் ஸ்கேன் எடுத்துத் தேதி குறித்துவிட்டால் பிந்தைய ஸ்கேனை வைத்து அதைத் தொடவே கூடாது.

ஹூஸ்டன் சூத்திரம் நம் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்று கேட்டவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். 2015இல் குருகிராம் அரசு மருத்துவமனையில் 'கர்ப்பிணி' என்ற ஆய்வில் கர்ப்பிணிகளைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடரத் தொடங்கினார்கள். ஃபரிதாபாத் ஆய்வு நிறுவனத்தோடு, நமக்கு ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து அந்தத் தரவைக் கணக்கிட்டது. அதே தாய்மார்கள், அதே பிரசவங்கள். வயது கணிக்கும் சூத்திரத்தை மாற்றினால் மட்டும் குறைமாதப் பிரசவ விகிதம் ஏறக்குறைய 11 சதவீதத்திலிருந்து 16 சதவீதம் வரை மாறியது. 2024இல் முதல் மூன்று மாதத்துக்குப் பிந்தைய ஸ்கேன்களுக்கென்றே இந்தியச் சூத்திரம் ஒன்றை வெளியிட்டார்கள். பிசகு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததாம். வகுப்பில் ஐ.ஐ.டி. என்றால் ராக்கெட்டும் கம்ப்யூட்டரும் என்றே சொல்லிக்கொடுத்தேன். இதையும் சேர்த்திருக்கலாம்.

ஆனாலும் முதல் மூன்று மாத ஸ்கேனுக்கு ஈடு கிடையாது. நம் வீடுகளிலோ, "மூணு மாசம் முடியட்டும், கண் படும்" என்று அந்த மூன்று மாதத்தைத்தான் மூடி வைக்கிறோம். ஊருக்குச் சொல்ல வேண்டாம், செவிலியரிடம் சொல்லுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் பதிவு வேண்டும். இன்னொன்று, குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் 100க்கு நாலைந்துதான். அதற்காக 39ஆம் வாரத்திலிருந்தே தினமும் போன் போட்டு "இன்னும் ஆகலையா" என்று அந்தப் பெண்ணைப் படுத்தாதீர்கள்.

அண்ணன் பேத்தியிடம் நான் சொன்னது இரண்டே வரி. முதல் ஸ்கேன் தேதியை யாரும் மாற்ற விடாதே. குழந்தை ஏன் சின்னதாக இருக்கிறது என்று நாளைக்கே போய்க் கேள். மறுநாளே போனாள். டாப்ளர் எடுத்தார்கள். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறதாம், குழந்தை கொஞ்சம் சின்ன உடம்பு, வாரம் ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அட்டையில் பழைய தேதியே இருக்கிறது. வளைகாப்பு வரும் ஞாயிற்றுக்கிழமை. வர முடிந்தவர்கள் வந்து சேருங்கள்.