சதுரங்க சாதகம்

சங்கீத வித்துவான்கள் விடியற்காலையில் கழுத்தளவு நீரில் நின்று சாதகம் செய்த கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, சதுரங்கம் ஆடுகிறவனுக்கும் அத்தகைய சாதகம் ஒன்று உண்டென்பதும், நாள் குறித்து, பாடம் வகுத்து, தன் குறைகளைத் தானே எழுதிவைத்துக்கொண்டு உழைக்கும் அந்த நெறி இருபதாம் நூற்றாண்டிலேதான் முழு உருவம் பெற்றதென்பதும் சற்று வியப்பாகவே இருக்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் காப்பிக் கடைகளில், அவற்றுள்ளும் பிரசித்தி பெற்ற கபே த லா ரெஜான்ஸில், ஆடுவதுதான் பயிற்சி, பயிற்சிதான் ஆட்டம். அங்கே ஆடிப் பெயர் பெற்ற பிலிதோர், இசை நாடகங்கள் இயற்றிய சங்கீத மேதையாகவும் இருந்தார். 1749இல் அவர் எழுதி வெளியிட்ட நூல் சிப்பாய்களின் மகத்துவத்தை உலகுக்கு உணர்த்திற்று. ஆயினும் எப்படி ஆட வேண்டும் என்பதைச் சொல்ல நூல்கள் பல தோன்றிய பின்பும், ஆடப்போகிறவன் தன்னை எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்ற கேள்வியை முறையாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தவர் நெடுங்காலம் வரை அரியராகவே இருந்தனர்.

அந்தக் கேள்விக்குச் செயலால் விடையளித்தவர் அலேகின். 1927இல் புவெனஸ் அயர்ஸ் நகரில் உலகப் பட்டத்துக்காகக் காப்பாபிளாங்காவை எதிர்த்து அமரும் வரையில், அவரை ஒரே ஓர் ஆட்டத்தில்கூட அலேகின் வென்றதில்லை. பிழையே செய்யாத யந்திரம் என்று உலகம் கொண்டாடிய அந்த மனிதரின் ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த நிலையில் அவருடைய சிரத்தை தளர்கிறது, எங்கே அவர் தம் சகஜ ஞானத்தை நம்பிக் கணக்கைக் கைவிடுகிறார் என்று நுணுகி ஆராய்ந்துவிட்டே அலேகின் பலகையின் முன் உட்கார்ந்தார். முப்பத்து நான்கு ஆட்டங்கள் நீடித்த அப்போட்டியில் ஆறு வெற்றி அவருக்கும், மூன்று வெற்றி எதிரிக்கும் கிடைக்க, எஞ்சிய இருபத்தைந்தும் சமனாயின.

ஆனால் அலேகின் செய்த காரியத்தைச் சாஸ்திரமாக்கியவர் மிகயில் போத்வின்னிக். 1911இல் பின்லாந்து வளைகுடாக் கரையில் பிறந்து, பன்னிரண்டாம் வயதில் ஆட்டம் கற்று, பதினான்காம் வயதிலேயே, பலரோடு ஏககாலத்தில் ஆடிய காப்பாபிளாங்காவைத் தோற்கடித்த அந்தச் சிறுவர் பிற்காலத்தில் மின்பொறியியல் வல்லுநரானார். அந்தத் தொழிலின் புத்திதான் அவருடைய சதுரங்கத்திலும் வேலை செய்தது என்பது என் அபிப்பிராயம். யந்திரம் ஒன்று பழுதானால் விதியை நொந்துகொள்வது பொறியாளன் இயல்பன்று. எந்த உறுப்பு பழுதாயிற்று என்று தேடுவான். போத்வின்னிக் தம் தோல்விகளைக் கண்ட கண் அதுவே.

1934ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரத்துப் பந்தயத்துக்குப் போனபோது, முதற் சுற்றுக்கு இரண்டே மணி நேரம் இருக்கையில் அவர் ஊர் போய்ச் சேர்ந்தார்; ஐந்தாம் ஆறாம் இடங்களைப் பகிர்ந்துகொள்ளும்படி ஆயிற்று. புது ஊரின் நீரும் காற்றும் உடலுக்குப் பழகப் பத்து நாளாவது வேண்டாமா என்று முன்னாள் உலகச் சாம்பியனான முதியவர் லாஸ்கர் எடுத்துச் சொன்ன புத்திமதியை அவர் மறக்கவேயில்லை. 1936இல் நாட்டிங்ஹாமில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் காப்பாபிளாங்காவோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டபோது, இவ்வளவு சிறிய பாடமும் எவ்வளவு பெரிய பலன் தரும் என்பது விளங்கிற்று.

1939ஆம் ஆண்டுச் சோவியத் சாம்பியன் பட்டத்தை வென்றபின், தாம் போட்டிக்கு ஆயத்தமாகும் முறையை ஒளிவுமறைவின்றி ஒரு வியாசமாக எழுதிப் பிரசுரித்தார் போத்வின்னிக். போட்டிக்கு முன் பதினைந்து இருபது நாட்களைக் கிராமப்புறத்தின் தூய காற்றில் கழிக்க வேண்டும். எதிரிகளின் ஆட்டங்களைச் சேகரித்து ஆராய வேண்டும். உலகிலுள்ள தொடக்க முறைகள் அனைத்தையும் கரைத்துக் குடிக்க முயலாமல், வெள்ளைக்கு மூன்று நான்கு, கறுப்புக்கு மூன்று நான்கு என்று தேர்ந்து அவற்றை ஆழ உழ வேண்டும். புதிதாகக் கண்டதை நம்பிக்கைக்குரிய தோழர் ஒருவருடன் இரகசியப் பயிற்சி ஆட்டங்களில் சோதிக்க வேண்டும். கடிகாரம் நெருக்கும்போது தடுமாறுகிறவன், ஆட்டத்தின் முடிவைப் பொருட்படுத்தாமல், நேரத்தை மட்டுமே கவனித்துப் பயிற்சி ஆட்டங்கள் ஆட வேண்டும். தன் ஆட்டங்களை விளக்கங்களுடன் அச்சிட்டுப் பிறர் விமரிசனத்துக்கு வைக்க வேண்டும். போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது சதுரங்கப் பலகையை மூடிவிட வேண்டும். கடைசி விதியில் என் மனம் மிகவும் லயிக்கிறது. பசியோடு உட்காருகிறவனுக்குத்தான் உணவு ருசிக்கும் என்பதை அறிந்த மனிதர் வகுத்த விதி அது.

இவ்விதிகள் ஏட்டோடு நின்றவையல்ல. 1940இல் மாஸ்கோ சங்கீதக் கல்லூரி மண்டபத்தில் நடந்த சாம்பியன் போட்டியில், கூட்டத்தின் இரைச்சல் அவருடைய கவனத்தைச் சிதைக்க, அவர் ஐந்தாம் ஆறாம் இடங்களைப் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்தது. இரைச்சலைக் குறைகூறி ஓய்ந்துவிடாமல், அதையே பாடமாக எடுத்துக்கொண்டார். நண்பர் ராகோஸினுடன் பயிற்சி ஆட்டங்களுக்கு அமர்ந்து, வானொலியை உரக்கப் பாடவிட்டு, புகையிலைப் புகையைப் பொறுக்கமாட்டாத தம் முகத்துக்கு எதிரே அவரைப் புகைபிடிக்கச் செய்து, அந்தச் சூழலிலேயே சிந்திக்கத் தம்மைப் பழக்கிக்கொண்டார். மறு ஆண்டில் லெனின்கிராடிலும் மாஸ்கோவிலுமாக ஆறு ஆட்டக்காரர் மட்டும் பங்குகொண்ட பட்டப் போட்டி நடந்தபோது, இருபது ஆட்டங்களில் பதின்மூன்றரைப் புள்ளிகள் ஈட்டி, அடுத்து வந்த கெரெஸைவிட இரண்டரைப் புள்ளி முன்னே நின்றார். குளிர் நீரில் நின்று பாடிய நம் பாகவதருக்கும் புகையில் அமர்ந்து காய் நகர்த்திய அந்தப் பொறியாளருக்கும் இடையே பெரிய தூரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

யுத்த காலத்தில் யூரல் மலைப் பகுதியின் பெர்ம் நகரில் மின்பணி செய்துகொண்டே சதுரங்க ஆராய்ச்சியையும் விடாது நடத்தி, 1948இல் ஹேகிலும் மாஸ்கோவிலும் நடந்த ஐவர் போட்டியில் அவர் உலகப் பட்டம் பெற்றார். ஆயினும் அவருடைய நெறியின் உண்மையான பரீட்சை பட்டத்தை இழந்த பிறகே வந்தது. 1957இல் ஸ்மிஸ்லோவிடம் தோற்ற அவர், மறு ஆண்டில் காரோ-கான் தற்காப்பைப் புதிதாகத் தீட்டிக்கொண்டு வந்து, முதல் மூன்று ஆட்டங்களையும் வரிசையாக வென்று பட்டத்தை மீட்டார். 1960இல் இருபத்து மூன்று வயது தால், புயல்போன்ற தாக்குதலால் மீண்டும் அதைப் பறித்துக்கொண்டார். ஐம்பதை நெருங்கிவிட்ட போத்வின்னிக்கின் காலம் முடிந்ததென்று பலரும் எண்ணினர். அவரோ தாலின் ஆட்டங்களைக் கூறு கூறாகப் பிரித்தாராய்ந்து, அந்த இளைஞரின் கற்பனை சிறகு விரிக்க இடமில்லாத எளிய நிலைகளுக்கும் இறுதியாட்டங்களுக்கும் போரை இழுத்துச் சென்று, 1961இல் பதின்மூன்றுக்கு எட்டு என்று வென்றார். தால் அப்போது நோயுற்றிருந்தார் என்பதையும் சொல்லிவிடுவதே நியாயம்.

பின்னர் அவர் நடத்திய பள்ளியில் வீட்டுப்பாடம் உண்டு. தம் ஆட்டங்களைத் தாமே எழுத்தில் விளக்கி மாணவர்கள் ஆசான் முன் வைக்க வேண்டும். சிறுவனாக வந்த கார்ப்போவின் எதிர்காலத்தைப் பற்றி அவர் கொண்ட அவநம்பிக்கை பொய்த்தது. பத்து வயதில் வந்த காஸ்பரோவைப் பற்றிய நம்பிக்கை பலித்தது. இருவருமே பின்னாளில் உலகச் சாம்பியன்களாயினர்.

சென்னையிலும் இந்த வெளிச்சத்தின் ஒரு கீற்று விழுந்தது. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோனின் முயற்சியால், 1970களில் சோவியத் கலாசார நிலையத்தில் ஒரு சதுரங்கக் கழகம் அமைந்தது. போத்வின்னிக்கை வென்று அவரிடமே தோற்ற தாலின் பெயர் அதற்கு இடப்பட்டது. வென்றவர் பலகையில் நீடிக்க, தோற்றவர் எழுந்து இடம்விடும் மின்னல் வேக ஆட்டங்களில் அங்கே கை தேர்ந்த சிறுவர் விசுவநாதன் ஆனந்த். வேகத்தில் வளர்ந்த அவர், பக்குவம் எய்தியபின் ஆயத்தத்தின் அருமையையும் காட்டினார். 2008இல் ஜெர்மனியின் பான் நகரில், போத்வின்னிக் பள்ளி மரபில் பயின்ற கிராம்னிக்கை எதிர்த்துப் பட்டத்தைக் காக்க வேண்டியிருந்தபோது, பெரும்பாலும் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயையே முதலில் நகர்த்தி வந்த ஆனந்த், கல்கத்தாவின் சூர்யசேகர் கங்குலி உள்ளிட்ட துணைவரோடு உழைத்து, ராணியின் முன்னுள்ள சிப்பாயை நகர்த்தப் பழகி வந்திருந்தார். கறுப்புக் காய்களுக்கென அவர்கள் தீட்டிவைத்திருந்த மேரான் முறையைக் கொண்டு மூன்றாம் ஆட்டத்தையும் ஐந்தாம் ஆட்டத்தையும் அவர் வென்றார்.