செரியாமைக்குச் சுய அழுத்தம்: பயனும் வரம்பும்

வயிறு சரியில்லை என்றால் தமிழ் வீடுகளில் ஓமத் தண்ணீர், சுக்குக் கஷாயத்தோடு கையும் மருந்தாக வந்து நிற்கிறது. குழந்தை பால் கக்கினால் குடலேற்றம் என்று சொல்லி, எண்ணெய் தடவித் தட்டுபவரிடம் தூக்கிப் போவதுண்டு. தின்றது செரிக்காமல் கிடந்தால் தொக்கம் எடுப்பவரைத் தேடுவோரும் உண்டு. இந்த வரிசையில் பிந்தி வந்தது அக்குபிரஷர். தன் உடம்பைத் தானே அழுத்திக்கொள்ளலாம் என்பதே இதன் தனித்தன்மை. வலித்தால் அந்தக் கணமே கையை எடுத்துவிடலாம். தட்டப்படும் கைக்குழந்தைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இந்தத் தனித்தன்மையை மதித்தே என் வாதத்தை முன்வைக்கிறேன். குமட்டலுக்கு மணிக்கட்டை அழுத்துவதற்கு ஓரளவு சான்று உண்டு. அந்தச் சான்றைக் காட்டி மற்ற வயிற்றுத் தொல்லைகளுக்கும் அழுத்தத்தைப் பரிந்துரைப்பது பிழை. வயிற்றின் மேலேயே அழுத்துவதை வீட்டு முறையிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

குமட்டலுக்குரிய புள்ளியைச் சீன மருத்துவம் நெய்குவான் என்கிறது. உள்ளங்கை முடியும் மணிக்கட்டுக் கோட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல்களைக் குறுக்கே வைத்தால், மேல் விரலின் விளிம்பில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே அது அமையும். அவரவர் விரலையே அளவாகக் கொள்வது மரபு. கட்டைவிரலால் ஓரிரு நிமிடம் நிதானமாக அழுத்தி, மறு கையிலும் அப்படியே செய்ய வேண்டும்.

இந்தப் புள்ளியை அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய குமட்டலுக்கு ஆராய்ந்த 59 சோதனைகளை, 7,667 பேரின் தரவுகளோடு, 2015ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வு தொகுத்தது. போலித் தூண்டலைவிட உண்மைத் தூண்டலில் குமட்டலும் வாந்தியும் குறைந்தன. ஆனால் சான்றின் தரம் தாழ்ந்தது என்று அம்மதிப்பாய்வே குறித்துள்ளது. ஊசி, மின்தூண்டல், கைப்பட்டை ஆகிய பல முறைகளும் அதில் கலந்திருந்தன. மயக்க மருந்து தந்த குமட்டலும் கெட்ட மீன்குழம்பு தந்த குமட்டலும் ஒரே காரணத்தால் வருபவை அல்ல. ஆகவே வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம் என்று சொல்லவே இடமுண்டு. நிச்சயம் நிற்கும் என்று வாக்களிக்க இடமில்லை.

உப்புசத்துக்கும் மந்தத்துக்கும் சொல்லப்படும் புள்ளி முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்புக்கு வெளிப்புறம் உள்ள சூசான்லி. இதற்கு ஆதாரமாக உடலியல் ஆய்வுகளைக் காட்டுகிறார்கள். மயக்கமூட்டிய எலிகளின் வயிற்றுத் தோலைக் கிள்ளினால் இரைப்பையின் அசைவு அடங்குகிறது, பின்னங்காலைக் கிள்ளினால் பெரும்பாலும் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர் சாட்டோவின் குழு 1975இல் காட்டியது. தூண்டும் இடத்தைப் பொறுத்து விளைவு மாறும் என்பது இதில் உறுதிப்படுகிறது. ஆனால் வலிக்கக் கிள்ளுவதும் மனிதர் தம் காலை இதமாக அழுத்துவதும் வேறு. எலியிலிருந்து மனிதருக்கு ஒரே தாவலில் வந்துவிட முடியாது.

வயிற்றை அழுத்துவதில் எனக்குச் சமரசம் இல்லை. தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலி குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அதை அழுத்தியும் நீவியும் நேரம் கடத்தினால் குடல்வால் வெடிக்கும் நிலை வந்துவிடலாம்.

அழுத்தம் எந்த இடத்தில் போதாது என்பதற்குக் கடலூரின் தேவனாம்பட்டினத்தை எடுத்துக்கொள்கிறேன். கெடிலம் கடலோடு கலக்கும் இந்த மீனவ ஊர் 2004 ஆழிப்பேரலையில் நொறுங்கியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரை அடித்தது. 2015இல் மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தது. வெள்ளத்தில் குடிநீரோடு கழிவுநீர் கலந்தால் அடுத்து வருவது வாந்தியும் பேதியும்தான். அப்போது உயிரைப் பறிப்பது நீரிழப்பு. எந்தப் புள்ளியை அழுத்தினாலும் உடம்பில் ஒரு சொட்டு நீரும் சேராது. 1971இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே இறப்பை ஏறத்தாழ 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறக்கினார். இந்த நீரைக் கலக்க உதவும் ஓஆர்எஸ் பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். குமட்டல் அடங்கி இந்த நீர் உள்ளே தங்க உதவுமானால், மணிக்கட்டை அழுத்துவதற்கு அதைவிட நல்ல பயன் இல்லை. இரண்டையும் அந்த உறவில் வைத்தே கற்றுத் தர வேண்டும்.

இன்னொன்று எனக்குப் பெரிதும் கவலை தருகிறது. நெஞ்சு அடைத்தால் "கேஸ்தான், வாயு பிடிச்சிருக்கு" என்று சொல்லிச் சோடா குடிக்கும் வழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. வியர்வையோடு, இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் நெஞ்சு வலி மாரடைப்பாக இருக்கலாம். அந்த நேரத்தில் வாயுப் புள்ளியைத் தேடுவது, இரத்தக் குழாய் அடைப்பைத் திறக்க வேண்டிய பொன்னான நேரத்தை வீணாக்குவதாகும்.

எனவே பயிற்சி தருவோரிடம் கேட்டுக்கொள்கிறேன்: நெய்குவான் எங்கே இருக்கிறது என்று காட்டும் அதே வகுப்பில், இரத்தம் கலந்த மலம், ஓயாத வாந்தி, காய்ச்சலோடு வரும் வயிற்று வலி, சிறுநீர் குறைதல், நெஞ்சு வலி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அழுத்துவதை நிறுத்திவிட்டு 108ஐ அழைக்கவோ கடலூர் அரசு மருத்துவமனைக்குப் போகவோ வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.