எண்ணெய் சொன்ன சாட்சி



வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களுமே நம் நினைவிற்கு வருதல் இயல்பு. இயந்திரத்தின் உள்ளுறுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நான் உணர்ந்த இடம் வேளாங்கண்ணிக் கடற்கரை.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சில நாள்களுக்குப் பின் நான் அங்குச் சென்றபோது, இடிபாடுகளை அகற்ற வந்த மண்வாரி இயந்திரம் ஒன்று, இஞ்சின் முழங்கியும் நகராது நின்றது. அருகே ஒரு தாய், இடிபாட்டின் கீழிருந்த தம் மகனுக்காகக் காத்திருந்தார்.

கியர்ப் பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்றார் ஓட்டுநர். அதற்குப் பல நாள்கள் ஆகும். அங்கு வந்த முதிய மேஸ்திரியோ, “தம்பி, திறக்குமுன் எண்ணெயைப் பார்ப்போம்” என்று அளவுக் கம்பியை உருவினார். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது.

எண்ணெயை ஏன் முதலில் பார்க்க வேண்டும்? விடை கப்பலில் இருக்கிறது. நீராவிச் சுழலி மிக விரைந்து சுழல்வது. கப்பலை உந்தும் சக்கரமோ மெல்லச் சுழல வேண்டுவது. இரண்டையும் இணைக்க ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-இல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு சக்கரம் திரவத்தை வீச, அத்திரவம் மற்றொரு சக்கரத்தைச் சுழற்றும். இடையிலுள்ள அலகுகள் அதனைத் திருப்பிவிட்டுத் திருப்புவிசையை மிகுவிக்கும். பிற்காலத்தில் இம்முறை மண்வாரிகளிலும் புகுந்தது. நம் நாட்டில் நெய்வேலிச் சுரங்கப் பணி 1957-இல் தொடங்கியது. பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் 1964-இல் தோன்றியது.

இவ்வகைப் பெட்டியில் எண்ணெயே விசையைக் கடத்துகிறது, கிளட்சுத் தட்டுகளை அழுத்துகிறது, உராய்வைக் குறைக்கிறது, வெப்பத்தையும் ஆற்றுகிறது. ஆகவே அதுவே முதற் சாட்சி. கருகிய நாற்றம் வீசினால் தட்டுகள் தேய்ந்து எரிந்தன; உலோகத் துகள் மின்னினால் பற்சக்கரமோ பேரிங்கோ சிதைகிறது; நுரைத்தால் காற்றும், வெளுத்தால் நீரும் கலந்துள்ளன.

மேஸ்திரி அத்துடன் அமையவில்லை. முன்னும் பின்னும் செலுத்திப் பார்த்தார். ஒரு திசையில் மட்டும் குறை எனில் அத்திசைக்குரிய கிளட்சை ஐயுறலாம். இரு திசையிலும் நகரவில்லை. ஆதலின் குறை அனைத்திற்கும் பொதுவான இடத்தில் இருந்தது. பின்னர்த் தேடியதில், பெட்டியின் காற்றுத்துளை மூடி உடைந்திருக்கக் கண்டார். உவர்நீர்ச் சேற்றில் மூழ்கி நின்றபோது அவ்வழியே நீர் புகுந்திருந்தது. நீர் ஊறினால் தட்டுகளின் மேற்பூச்சு உரிந்துவிடும், தாமதிக்க இடமில்லை. மூடியை மாற்றி, எண்ணெயை இருமுறை வடித்து மாற்றி, வடிகட்டியையும் புதுப்பித்தார். மறுநாள் இயந்திரம் நகர்ந்தது. மாலையில் அத்தாய் தம் மகனை அடக்கம் செய்தார்.

மாணவர்களே, நான் வரலாற்று வகுப்பில் பல்லாண்டு கூறிவந்ததும் இதுவே: முடிவுக்கு விரையுமுன் சாட்சியைக் கேளுங்கள், எளிதில் காணத்தக்கதை முதலில் காணுங்கள். அம்மேஸ்திரி அதனை என்னினும் நன்றாகக் கற்பித்தார்.