அண்டை வீட்டார் காத்த அமைதி

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பர் நம் பெரியோர். இதற்குச் சிங்கப்பூரின் வரலாறு சான்று பகருகின்றது.

1964 ஜூலை 21-ஆம் நாள், நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது அங்கு மலாய்க்காரருக்கும் சீனருக்குமிடையே கலவரம் மூண்டது. 23 பேர் மாண்டனர். 454 பேர் காயமுற்றனர். செப்டம்பரில் மீண்டும் மூண்ட கலவரத்தில் மேலும் 13 உயிர்கள் மடிந்தன. சிதைந்த நம்பிக்கையை மீட்க, பல இனப் பெரியோரும் கூடிய நல்லெண்ணக் குழுக்கள் தொகுதிதோறும் அமைந்தன.

1997 முதல் ஜூலை 21 பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாக அனுசரிக்கப்படுகின்றது. 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின், மக்களிடையே சந்தேகம் வேரூன்றாதிருக்க, 2002-இல் தொகுதிதோறும் நம்பிக்கைக் குழுக்கள் தோன்றின. 2022-இல் அவை நல்லிணக்க வட்டங்கள் எனப் பெயர் பெற்றன. பள்ளிவாசல், கோயில், தேவாலயம், விகாரை ஆகியவற்றிற்குக் கூடிச் செல்வதும், பண்டிகைகளைச் சேர்ந்து கொண்டாடுவதும், நெருக்கடியில் ஆற்ற வேண்டிய கடமைகளை முன்கூட்டியே பயிலுவதும் இவற்றின் பணிகளாம்.

இவற்றை வெறும் விருந்தும் விழாவும் என நாம் எண்ணலாகாது. கலகம் மூண்டபின் அயலானின் பெயரைக் கேட்டறிய நேரமிராது. பண்டிகை நாளில் நாம் பகிர்ந்துண்ட உறவே வதந்தி பரவும் நாளில் இரு வீட்டாரையும் காக்கும்.