துருக்கிய மொழியின் வேற்றுமைகளும் உடைமை ஈறுகளும்

துருக்கிய மொழி தமிழைப் போன்று ஒட்டுநிலை மொழியாகும். இம்மொழியில் பெயர்ச்சொல்லுடன் பன்மை ஈறு, உடைமை ஈறு, வேற்றுமை உருபு ஆகியன இதே வரிசையில் ஒட்டுகின்றன. எவ் (வீடு) என்னும் சொல் எவ்லெர் (வீடுகள்), எவ்லெரிமிஸ் (எங்கள் வீடுகள்), எவ்லெரிமிஸ்தென் (எங்கள் வீடுகளிலிருந்து) என நீளும். தமிழில் தனிச்சொல்லாக முன்னே நிற்கும் 'எங்கள்' இங்கு பெயருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

வேற்றுமைகள்

மரபாக ஆறு வேற்றுமைகள் கூறப்படும். எழுவாய்க்கு உருபில்லை. ஏனையவை எவி (வீட்டை), எவெ (வீட்டுக்கு), எவ்தெ (வீட்டில்), எவ்தென் (வீட்டிலிருந்து), எவின் (வீட்டின்) என்பன. சொல்லின் கடைசி உயிருக்கு ஏற்ப உருபின் உயிரும் மாறும். இது உயிரிசைவு எனப்படும். ஒகுல் (பள்ளி) என்பதிலிருந்து ஒகுலு, ஒகுல, ஒகுல்த, ஒகுல்தன், ஒகுலுன் என்ற வடிவங்கள் கிடைக்கின்றன.

'ஐ' உருபுக்கு இணையான ஈறு குறிப்பிட்ட பொருளைச் சுட்டும்போதே வரும். 'எவ் அல்து' என்றால் வீடு வாங்கினார். 'எவி அல்து' என்றால் அந்த வீட்டை வாங்கினார். இதில் 'து' தமிழின் குற்றியலுகரத்தை ஒத்து ஒலிக்கும்.

உடைமை ஈறுகள்

எவிம் (என் வீடு), எவின் (உன் வீடு), எவி (அவர் வீடு), எவிமிஸ் (எங்கள் வீடு), எவினிஸ் (உங்கள் வீடு), எவ்லெரி (அவர்கள் வீடு) என்பன ஆறு வடிவங்கள். துருக்கியத்தில் பால் வேறுபாடு இல்லாததால் எவி என்பது அவன், அவள், அது மூன்றுக்கும் பொதுவாகும். தமிழில் 'என் பெயர் சிவப்பு' என வெளிவந்த ஓரான் பாமுக்கின் 1998ஆம் ஆண்டுப் புதினத்தின் மூலத் தலைப்பு 'பெனிம் அதும் குர்முசு'. இதில் பெனிம் (என்னுடைய) என்ற சொல்லோடு, அத் (பெயர்) என்பதன் ஈற்றிலும் 'என்' என்ற பொருள் உள்ளது.

ஒத்த வடிவங்கள்

மேலே தரப்பட்ட இரு பட்டியல்களிலும் எவி, எவின் ஆகியவை இடம்பெறுவதைக் காணலாம். எவி 'வீட்டை' என்றும் 'அவர் வீடு' என்றும் பொருள்படும். எவ்லெரி என்பதற்கோ நான்கு பொருள்கள்: வீடுகளை, அவர் வீடுகள், அவர்கள் வீடு, அவர்கள் வீடுகள்.

படர்க்கை உடைமை ஈற்றுக்குப் பின் உருபு வரும்போது இடையில் தமிழ்ச் சாரியை போல ஒரு னகரம் தோன்றும். 'அவர் வீட்டை' என்பது எவினி. இதனால் மேற்கண்ட குழப்பம் ஓரளவு தீர்ந்தாலும் வேறொன்று பிறக்கிறது. எவின்+இ (உன் வீட்டை) என்பதும் எவினியே. எழுவாயில் வேறுபட்டிருந்த 'உன் வீடு', 'அவர் வீடு' இரண்டும் உருபேற்றதும் ஒன்றாகிவிடுகின்றன. ஐயம் ஏற்படும் இடங்களில் செனின் (உன்னுடைய), ஒனுன் (அவருடைய) என்ற சொற்களை முன்னே சேர்ப்பர். உயிரில் முடியும் சொற்களில் இச்சிக்கல் இல்லை: அரபாந்தா (உன் வண்டியில்), அரபாசுந்தா (அவர் வண்டியில்).

உடைமைத் தொடர்கள்

'அலியின் வீடு' என்பதைத் துருக்கியர் 'அலினின் எவி' என்பர். உடையவர், உடைமை இரண்டிலும் ஈறு வருகிறது. முதற்சொல்லின் ஈறு நீங்கினால் அது தொகைச்சொல் ஆகும். இசுத்தான்புல்லின் தொப்காப்பு அரண்மனை 'தொப்காப்பு சராயு' எனப்படுவது இவ்வாறே. அரண்மனையைக் குறிக்கும் சொல் சராய் மட்டுமே.

சு (தண்ணீர்) என்ற சொல் விதிக்கு அடங்காதது. உயிரில் முடியும் பிற சொற்களைப் போல் சுசு என்றாகாமல், 'அவர் தண்ணீர்' என்பது சுயு என்றே வரும்.