தடையை மீறிய நாடு, தடை போட்ட நாடு

அயல்நாட்டின் மேல் கனகாலமாக இருக்கும் வர்த்தகத் தடையை எடுக்கலாமா எண்டு கேட்டால், எங்களில் பலருக்கு முதலில் ஞாபகம் வாறது கியூபாதான். அமெரிக்கா 1962 இல் போட்ட முழுத்தடை இன்னும் இருக்கிறது. 1992 இலிருந்து ஐ.நா. பொதுச்சபை கிட்டத்தட்ட ஒவ்வொரு வருடமும் அதை நீக்கச் சொல்லி வாக்களிக்கிறது. தடை அசையவில்லை, தடை போட்டவர்கள் எதிர்பார்த்த ஆட்சி மாற்றமும் வரவில்லை.

ஆனால் இந்தக் கேள்விக்காக நாங்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் நிண்டு, கொட்டியாரக் குடாவுக்கு அங்கால இருக்கிற மூதூர், சம்பூர்ப் பக்கம் பார்த்தால் போதும். தடை எண்டால் என்ன எண்டதை அந்தக் கரை நல்லா அறியும். அதைச் சொல்ல முன்னம், ஒரு தடையை இலங்கையே மீறிய கதையைச் சொல்ல வேணும்.

கொரியப் போர் நடந்த காலம். சீனாவுக்குப் போர்த் தேவைக்கான பொருட்கள் போகக் கூடாது எண்டு 1951 மே மாதம் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் எடுத்தது. அமெரிக்கா இறப்பரையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தது. இலங்கையிலோ அரிசிக்குத் தட்டுப்பாடு. உலகச் சந்தையில் அரிசி விலை ஏற, எங்கட இறப்பர் விலை இறங்கிக்கொண்டு போனது. டட்லி சேனநாயக்க அரசில் வர்த்தக அமைச்சராக இருந்த ஆர். ஜி. சேனநாயக்க முன்னின்று, 1952 டிசம்பர் 18 இல் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஐந்து வருடத்துக்கு, வருடம் 270,000 தொன் அரிசி வரும், 50,000 தொன் இறப்பர் போகும்.

அது இடதுசாரி அரசு இல்லை, கம்யூனிசத்தை எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி அரசு. சீனாவோடு இராஜதந்திர உறவு 1957 இல்தான் வந்தது. அதே 1957 வரை திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படைத் தளமும் இருந்தது. அமெரிக்கா கோபித்துக்கொண்டு உதவியை மறுத்தது. அப்படியிருந்தும் அரசு பின்வாங்கவில்லை. சனத்துக்குச் சோறு முதல், முகாம் அரசியல் பிறகு எண்டதுதான் அதின் நியாயம். நல்ல நியாயம்.

நாற்பது வருடம்கூட ஆகவில்லை, அந்த நியாயம் மறந்துபோச்சு.

1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியதும், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களுக்கு அரசு பொருளாதாரத் தடை போட்டது. எரிபொருள், சீமெந்து, இரும்பு, உரம், பற்றரி எல்லாம் தடை. சவர்க்காரம், மெழுகுதிரி, மருந்துகூட இந்தத் தடைக்குள் சிக்கின. யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்துப் படித்த தலைமுறை ஒண்டு இருக்கிறது. சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டார்கள், பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். சட்டப்படி ஒரே நாடு, ஒரே குடியுரிமை. சாமான் விசயத்தில் மட்டும் அந்தப் பக்கம் அயல்நாடு. திருகோணமலை மாவட்டத்துக்குள்ளேயே இப்படி ஒரு எல்லை விழுந்தது. பட்டினம் 'கிளியர்ட்', மூதூர் கிழக்கும் வெருகல் பக்கமும் 'அன்கிளியர்ட்'.

தடைக்குப் பின்னால் காரணமே இல்லை எண்டு நாங்கள் சொல்லவில்லை. யூரியாவால் வெடிமருந்து செய்யலாம். பென்லைட் பற்றரி கண்ணிவெடிக்கு உதவும், சீமெந்து பங்கர் கட்டும். ஆனால் ஆயுதம் வைத்திருந்தவர்களுக்குக் கடல்வழியும் கடத்தல்வழியும் இருந்தன. வயலுக்கு உரம் தேடியவருக்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து தேடிய தாய்க்கும் அந்த வழிகள் இல்லை. சாமான் அரிதானால் அதைப் பங்கிடுகிறவருக்கு அதிகாரம் கூடும். சோதனைச்சாவடியில் நிண்டவரும், கடத்தியவரும், அங்கால வரி எடுத்தவரும் தடையால் பலமடைந்தார்கள். மெலிந்தது சனம்தான்.

தடையை எடுத்த விதமும் கவனிக்க வேண்டியது. 1994 இல் சந்திரிகா அரசு வந்ததும் பல பொருட்கள் மீதான தடையை நீக்கியது. 1995 சனவரி 8 இல் போர்நிறுத்தம் வந்தது. ஆனால் எரிபொருளும் மீன்பிடித் தடையும் பேச்சுமேசையில் பேரம்பேசும் காய்களாயின. அரசு துண்டு துண்டாக விட்டுக்கொடுத்தது, புலிகள் கெடு வைத்தார்கள். ஏப்ரல் 19 இல் எங்கட துறைமுகத்திலேயே சூரய, ரணசுரு எண்ட இரண்டு பீரங்கிப் படகுகளைப் புலிகள் தகர்த்தார்கள். கடற்படையினர் செத்தார்கள், பேச்சும் செத்தது. அந்தத் தாக்குதலைத் தடையின் பேரால் நியாயப்படுத்த முடியாது. ஆனால் மண்ணெண்ணெயைப் பேரப்பொருளாக்கினால், பேரம் முறியிற நாளில் சனத்துக்கு மண்ணெண்ணெயும் இல்லை, சமாதானமும் இல்லை.

2002 சனவரி 15 இல் ரணில் அரசு தடையைப் பெருமளவு நீக்கியது. பெப்ரவரி 22 இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதின் இணைப்பில் ஒரு சின்னப் பட்டியல் இருந்தது: வெடிபொருள், முட்கம்பி, தொலைநோக்கி, திசைகாட்டி, பென்லைட் பற்றரி போன்றவை. எரிபொருளுக்கு அரசாங்க அதிபர் வாகனங்களைப் பதிந்து வாராந்த அளவைக் கணக்கிட வேணும். 2022 இல் கியூஆர் கோட்டோடு வரிசையில் நிண்ட எவருக்கும் அந்த முறை விளங்கும். வித்தியாசம், 2022 இல் முழு நாடும் வரிசையில் நிண்டது.

அந்தச் சின்னப் பட்டியலும் நிலைக்கவில்லை. 2006 இல் போர் மூள, மூதூர் கிழக்குக்குப் பொருள் போவது திரும்பவும் இறுகியது. யூலையில் புலிகள் மாவிலாறு மதகைப் பூட்டினார்கள். கீழே அந்தத் தண்ணியை நம்பி வயல் செய்தவர்கள் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர். சீமெந்தை மறித்த அதே கணக்கு இப்ப தண்ணியை மறித்தது. அதற்குப் பிறகு வந்த சண்டையில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள், சம்பூர்த் தமிழர் மட்டக்களப்புப் பக்கம் ஓடினார்கள். தேவையை ஆயுதமாக்கலாம் எண்டு ஒருத்தர் காட்டினால், மற்றவர் அதைப் படிக்கக் கனநாள் எடுக்காது.

ஆகவே, தடையை எடுக்கலாமா எண்டதுக்கு எங்கட பதில்: எடுக்க வேணும், பேரம் பேசாமல் எடுக்க வேணும். உண்மையான போர்ப்பொருளுக்கு ஒரு சின்னப் பட்டியல் இருக்கட்டும். அது எல்லாரும் வாசிக்கக்கூடியதாக அச்சில் இருக்கட்டும். சோறு, மருந்து, உரம், மண்ணெண்ணெய், தண்ணி அதில் ஏறவே கூடாது.

1952 இல் இலங்கை வல்லரசு ஒண்டுக்குச் சொன்ன பதில் இதுதான். அதைத் தன்ர சனத்துக்கும் சொல்லியிருக்க வேணும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு மூதூர் இப்ப பக்கத்து ஊர். நாளைக்கு எந்த நாட்டின் மேலாவது தடை போடச் சொல்லி ஆரும் கைதட்டினால், அந்த நாட்டிலும் இப்படி ஒரு மூதூர் இருக்கும் எண்டதை நாங்கள் கேட்டுவைக்க வேணும்.